தரவைக் காக்கும் தட்டு அணிகள்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. வேறிடத்திற் படி இருந்தவற்றை மீண்டும் பெறலாம். ஒரே படியாய் இருந்தவை மீளா. கணனியிற் சேமிக்கப்படும் தரவுக்கும் இதுவே விதி.

பல கணனிகளைப் பிணைத்து ஒரே கணிப்பில் ஈடுபடுத்தும் அமைப்பைக் கணனிக் கொத்து என்பர். நமது அயலிலுள்ள பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகளுக்கும் இத்தகைய கொத்துகள் உதவுகின்றன. நூற்றுக்கணக்கான கணனிகள் ஒருங்கே தரவு கேட்கும்போது தனியொரு வன்தட்டு ஈடுகொடுக்க மாட்டாது. அது பழுதுற்றால் யாவும் போகும். இதற்கு வழியாக, மலிவான தட்டுகள் பலவற்றை ஓர் அணியாக்கும் 'றெயிட்' முறையைக் கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், காத் கிப்சன், ரண்டி கற்ஸ் ஆகியோர் 1988இல் வகுத்து விளக்கினர். அவ்வகைகளுள் இன்று அறிய வேண்டியவை நான்கு.

நிலை 0: தரவைத் துண்டாக்கிப் பல தட்டுகளிற் பகிர்ந்தெழுதும். வேகம் மிகும், ஆயின் ஒரு தட்டுப் பழுதுற்றாலும் அனைத்தும் அழியும்.

நிலை 1: ஒன்றில் எழுதுவதையே மற்றொன்றிலும் எழுதும். பாதுகாப்பு உண்டு, கொள்ளளவிற் பாதி செலவாகும்.

நிலை 5: மூன்று தட்டுகளில் 7, 5, 4 என்னும் எண்கள் இருப்பின், கூட்டுத்தொகையாகிய 16ஐ நான்காவதில் வைப்பதாகக் கொள்வோம். 5 தொலைந்தால், 16இலிருந்து 7ஐயும் 4ஐயும் கழித்து அதை மீட்கலாம். கணனி இதனையொத்த கணக்கை இரும எண்களிற் செய்கிறது. சிறு திருத்தத்துக்கும் பழையன இரண்டைப் படித்துப் புதியன இரண்டை எழுத வேண்டியிருத்தலால் எழுதும் வேகம் குன்றும்.

நிலை 6: இரு சரிபார்ப்பெண்களை வைப்பதால், இரண்டு தட்டுகள் பழுதுற்றாலும் தரவு பிழைக்கும்.

எதைத் தேர்வது? மீண்டும் கணித்துப் பெறக்கூடிய இடைக்கால விடைகளுக்கு நிலை 0 போதும். அடிக்கடி மாறும் தரவுத்தளத்துக்கு 1உம் 0உம் இணைந்த நிலை 10 ஏற்றது. ஆய்வாளரின் நிலையான கோப்புகளுக்கு நிலை 6 சிறந்தது. 20 ரெராபைற் தட்டொன்றைச் செக்கனுக்கு 200 மெகாபைற் வேகத்தில் மீளநிரப்ப ஏறக்குறைய 28 மணித்தியாலம் ஆகும். அவ்விடைவெளியில் இன்னொரு தட்டுப் பழுதுறின் நிலை 5 கைவிடும். நிலை 6 காக்கும்.

எனினும், எந்த அணியும் காப்புப் படி ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு எல்லாத் தட்டுகளிலும் அழியும். தீயோ வெள்ளமோ அணி முழுவதையும் கொண்டு போகும். 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் பேணி வருகிறது. மாணவச் செல்வங்களே, பாட்டன் பாட்டியரின் கடிதங்களையும் படங்களையும் நீங்கள் கணனியில் இடும்போது, ஒரு படியை வேறோர் ஊரிலும் வைத்திருங்கள்.