வடிகால் வழியே ஏறும் மருந்து

“அக்காவுக்கு மைட்ரல் வால்வு ஆபரேஷன். இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் செய்வார்களாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் தசை செத்துவிடாதா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சாகாமல் இருக்கத்தான் அம்மா நிறுத்துகிறார்கள்.

உடம்பின் மற்ற பாகங்களை ஹார்ட்-லங் மெஷின் கவனித்துக்கொள்ளும். மகாதமனியில் கிளாம்ப் போட்டதும் பட்டினி கிடப்பது இதயத் தசைதான். துடிக்கும் இதயத்தில் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 மில்லி ஆக்சிஜன் வேண்டும். அசையாமல் கிடந்தால் ஏறக்குறைய 1 மில்லி போதும். குளிரவைத்தால் அதுவும் குறையும்.

நிறுத்துவது பொட்டாசியம். இளநீரில் இருக்கும் அதேதான். ரத்தத்தில் லிட்டருக்கு 4 மில்லிமோல் அளவில் இருக்கவேண்டியதை, இதயத்துக்குள் மட்டும் 16, 20 என்று ஏற்றினால் மின்தூண்டல் அடங்கித் தசை தளர்ந்துவிடும். லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் 1955-லேயே இதை வெளியிட்டார். ஆனால் அவர் கரைசலில் பொட்டாசியம் மிக அதிகம்; தசை புண்ணாகி, முறையே கைவிடப்பட்டது. 1970களில் அதே லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹியர்ஸும் பிரைம்பிரிட்ஜும் அளவைக் குறைத்து, மெக்னீசியம் சேர்த்து அதற்கு மறுவாழ்வு தந்தார்கள்.

எனக்குப் பிடித்த விநோதம் இனிமேல்தான். வழக்கமாக மருந்து மகாதமனியின் அடியில் இறங்கி, கொரோனரி தமனிகளுக்குள் போகும். மைட்ரல் வால்வைப் பார்க்க இடது மேலறையைக் கொக்கி போட்டு இழுக்கும்போது பக்கத்திலுள்ள மகாதமனி வால்வும் கோணிக்கொள்கிறது. மருந்து தமனிக்குள் போகாமல் கீழறைக்குள் ஒழுகிவிடும். அதனால் எதிர்த்திசையில் அனுப்புகிறார்கள்! இதயத்தின் அசுத்த ரத்தம் வந்து சேரும் கொரோனரி சைனஸில் பலூன் வைத்த குழாயைச் செருகி, மெதுவாக, 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தைத் தாண்டாமல் செலுத்தினால், மருந்து சிரைகளில் பின்னோக்கி ஏறித் தசையை நனைத்து, தமனி வழியே வெளியேறும். அமெரிக்காவின் மினசோட்டாவில் லில்லஹை 1956-லேயே ரத்தத்தை இப்படி அனுப்பிப் பார்த்திருக்கிறார். வாய்க்கால் தூர்ந்த வருஷம் என் பெரியப்பா வடிகாலை மறித்து வயலுக்குத் தண்ணீர் ஏற்றினார். பயிர் பிழைத்தது, மேட்டு மூலை மட்டும் காய்ந்தது.

இதயத்தின் மேட்டு மூலை வலது கீழறை. அதன் சிரைகள் பலவும் சைனஸுக்கு வராமல் தனிவழியில் போவதால், பின்வழி மருந்து அங்கே சரியாக எட்டாது. மைட்ரல் வால்வு வருஷக்கணக்கில் சுருங்கிக் கிடந்தவர்களுக்கோ, நுரையீரல் அழுத்தம் ஏறி ஏற்கெனவே நொந்துபோயிருப்பதும் அதே அறைதான். ஆகவே வாய்ப்புள்ளபோதெல்லாம் கொக்கியைத் தளர்த்தி முன்வழியிலும் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்தச் சுருக்கத்துக்குப் பெரும்பாலும் சிறுவயது ருமாட்டிக் காய்ச்சல்தான் காரணம். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருஷக்கணக்கில் போட்டுவந்தால் அது திரும்ப வராமல் தடுக்கலாம். “மூட்டுவலிதான் போயிற்றே” என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம். விலை குறைந்த ஊசி என்பதாலோ என்னவோ, அதற்கு வீட்டில் மதிப்பில்லை.

வால்வு வேலை முடிந்ததும் அறைகளில் தங்கிய காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் கிளாம்பை எடுப்பார்கள். மிஞ்சிய குமிழிகள் மேலே மிதந்து, படுத்திருப்பவரின் வலது கொரோனரி தமனிக்குள் போகப் பார்க்கும். அது ஊட்டுவதும் வலது கீழறையைத்தான். குமிழி கரைந்து தசை தெளியும்வரை மெஷினைச் சிறிது நேரம் ஓடவிடுவார்கள்.