மூன்று கிளிக் கணக்கு

இணையதளம் வடிவமைக்கிறவர்களோடு பேச உட்கார்ந்தால், டீ வருவதற்குள் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார்: "எதைத் தேடி வந்தாலும் மூணு கிளிக்குல கிடைச்சிடணும். நாலாவதுக்கு ஆள் இருக்க மாட்டாங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. யாருக்குத்தான் அலையப் பிடிக்கும்? ஆனாலும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

2003இல் அமெரிக்காவில் ஜோஷுவா போர்ட்டர் என்பவர் இதை ஆராய்ந்து எழுதினார். 44 பேர், 620 வேலைகள், 8,000க்கும் மேற்பட்ட கிளிக்குகள். மூன்றைத் தாண்டியதும் ஆட்கள் கழன்றுகொள்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தால், அப்படி எதுவும் தெரியவில்லை. கிளிக் கூடக் கூட எரிச்சலும் கூடியதா என்றால், அதுவும் இல்லை. அப்படியானால் ஆளை விரட்டுவது எது?

முன்பின் தெரியாத ஊரில் ஒரு கல்யாண வீட்டைத் தேடிப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். "நேரா போங்க, பிள்ளையார் கோயில் வரும், அதைத் தாண்டி ரேஷன் கடை, அதுக்கு அடுத்த சந்து" என்கிறார் ஒருவர். ஆறு திருப்பம் இருந்தாலும் கால் தயங்காது. கோயில் கண்ணில் பட்டதுமே 'சரியாத்தான் வர்றோம்' என்று மனசு தெம்பாகிவிடும். இரண்டே திருப்பம்தான், ஆனால் முச்சந்தியில் எந்த அடையாளமும் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடுவோம்.

திரையிலும் நமக்கு நடப்பது இதுதான். அழுத்துவதற்கு முன் 'இதற்குப் பின்னால் நான் தேடுவது இருக்குமா?' என்று மனசு ஒரு ஊகம் செய்கிறது. கலிஃபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் இருவரும் 1990களில் இதை விலங்குகள் இரை தேடுவதோடு ஒப்பிட்டார்கள். அந்த ஊகத்துக்கு உதவும் குறிப்புகளுக்குத் 'தகவல் வாசனை' என்று பெயர் வந்தது. வாசனை வருகிறவரை நாம் நடப்போம். அது விட்டுப்போனால் திரும்பிவிடுவோம்.

போன மாதம் என் சித்தி வீட்டு வரி ரசீது எடுக்க உட்கார்ந்தார். அந்தத் தளத்தின் முகப்பில் ஐந்து பட்டன்கள்: 'சேவைகள்', 'இணையச் சேவைகள்', 'மக்கள் சேவை', 'இதர', 'மேலும்'. சித்தியின் விரல் போன் கண்ணாடிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "இதுல எதுடா?" நாற்பது வருஷம் வீட்டுக் கணக்கு எழுதிய மனுஷி. குழப்பம் அவரிடம் இல்லை, அந்த ஐந்து சொற்களில் இருந்தது. ரசீது இரண்டே கிளிக் தூரத்தில்தான் இருந்தது.

ஆகவே நாம் எண்ண வேண்டியது கிளிக்கை விட, தயக்கத்தை. பட்டனில் துறையின் பெயரைப் போடாமல் வந்தவரின் வேலையைப் போட வேண்டும்: 'வரி கட்ட', 'ரசீது எடுக்க', 'பெயர் மாற்ற'. திறக்கிற பக்கத்தின் தலைப்பிலும் அதே சொல் இருக்க வேண்டும். 'ரசீது எடுக்க' என்று அழுத்தியவருக்கு 'ஆவணப் பதிவிறக்க மையம்' என்று வந்தால், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றிவிடும். நம் பிள்ளையார் கோயில் அந்தத் தலைப்புதான்.

இதில் என்னை மிகவும் வருத்துவது 'இங்கே கிளிக் செய்யவும்'. பார்வையற்றவர்கள் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பதுண்டு. காதில் விழுவது 'இங்கே கிளிக் செய்யவும், இங்கே கிளிக் செய்யவும்' என்று ஒன்பது தடவை. எந்த 'இங்கே'?

மூன்று கிளிக் விதிக்குப் பயந்து முகப்பிலேயே அறுபது இணைப்புகளைக் கொட்டுகிறவர்களும் உண்டு. அது இன்னொரு முச்சந்தி, அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் மட்டும் எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு: பக்கம் மெதுவாகத் திறக்கும்போது. ஒரு நொடிக்குள் திறந்தால் நினைவோட்டம் அறுபடாது, பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்று யாக்கோப் நீல்சன் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் 1993லேயே எழுதியிருக்கிறார். அப்போது நம்மைக் களைப்பாக்குவது காத்திருப்பு. பழி கிளிக்கின் மேல் விழுகிறது.

சோதித்துப் பார்க்கப் பெரிய செலவு வேண்டாம். ஐந்து பேரைத் தனித்தனியே உட்காரவைத்து, "இதை அழுத்தினா என்ன வரும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாலே பாதி கோளாறு தெரிந்துவிடும். சித்தி ரசீது தேடித் தயங்கிய அன்று சாயங்காலம் நானும் ஒரு தாளில் நான்கு பட்டன்களை வரைந்து அவரிடம் நீட்டினேன். "ரசீது எதுல இருக்கும்?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் விரல் 'ரசீது எடுக்க' மேல் வந்து நின்றது.