கண்ணாடி கழுவும் பம்பு: குறைந்த செலவில் சீர்செய்யும் முறை

தோட்டச் செம்மண் பாதையில் முன்னே செல்லும் வாகனம் வாரியிறைக்கும் சேறு, பின்னே வரும் லோரியின் முன்கண்ணாடியில் படிந்துவிடுகின்றது. நீர் தெளிக்காமல் வைப்பரை மட்டும் இயக்கினால் சேறு அகல்வதில்லை. கண்ணாடி முழுவதும் பூசப்படுகின்றது. சேற்றிலுள்ள மணல் கண்ணாடியைக் கீறவும் செய்கின்றது. கதிரவன் எதிரே நிற்கும்போதுதான் இதன் தீமை நன்கு புலப்படும். கிள்ளானிலிருந்து காலையில் கூட்டரசு நெடுஞ்சாலை வழியே பிரிக்பீல்ட்ஸ் நோக்கி வருவோருக்குச் சூரியன் முகத்திற்கு எதிரே இருக்கின்றது. மாலையில் திரும்பும்போதும் அவ்வாறே. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடந்துவிடும். மூன்று விநாடி வழி தெரியாவிட்டால், 66 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமமாகும்.

பழைய லோரிகளில் நீர் வராது போனதும், பம்பு கெட்டுவிட்டதென்று முடிவு கட்டி, செலவுக்கு அஞ்சி அப்படியே விட்டுவிடுவது பலருடைய வழக்கம். பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு சாலையோரம் நிறுத்திக் கண்ணாடி கழுவுவோரையும் நாம் கண்டிருக்கின்றோம். ஆனால், பம்பு நல்ல நிலையில் இருக்க, வேறொன்று பழுதாகியிருப்பதும் உண்டு. எனவே கடைக்குப் போகுமுன் சோதித்துப் பார்ப்பதே சிக்கனம்.

தொட்டியில் நீர் நிரப்பி, சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் விசையை அழுத்துக. ஒருவர் அழுத்த, மற்றொருவர் தொட்டியருகே காது கொடுத்துக் கேட்பது நல்லது. 'உர்' என்ற ஒலி கேட்டும் நீர் வரவில்லையெனில், மோட்டார் ஓடுகின்றது என்று பொருள்; நீர் செல்லும் வழியிலேதான் தடை உள்ளது. பம்பிலிருந்து புறப்படும் குழாயைக் கழற்றி, மீண்டும் அழுத்திப் பார்க்கலாம். அங்கு நீர் பாய்ந்தால், மேலே உள்ள குழாய் கழன்றோ வெடித்தோ இருக்கும்; அல்லது நீர் பீச்சும் துளை அடைபட்டிருக்கும். துளையை மெல்லிய ஊசியால் குத்தி, குழாயின் பக்கமிருந்து ஊதினால் அழுக்கு வெளியேறும். பம்பின் வாயிலேயே நீர் வராவிட்டால், தொட்டியின் அடியில் பாசியும் சோப்புக் கசடும் சேர்ந்து வடிகட்டியை மூடியிருக்கக்கூடும். தொட்டியைக் கழற்றிக் கழுவுவதற்குக் காசு செலவில்லை.

ஒலியே கேட்கவில்லையெனில் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் பியூஸ். எரிந்துபோனதற்குப் பதிலாக அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடுக. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது லோரிக்குத் தீ மூட்டும் வழி. அடுத்து, பம்பின் இணைப்பைக் கழற்றி, அதில் பச்சை படிந்திருந்தால் சுரண்டித் துடைக்கவும். பின்னர் லோரியின் சிறு விளக்கு ஒன்றில் இரண்டு கம்பிகளை இணைத்து, அவற்றை இணைப்பின் இரு முனைகளிலும் வைத்து, விசையை அழுத்தச் சொல்லவும். விளக்கு எரிந்தும் பம்பு ஓடாவிடில், பழுது பம்பில்தான். எரியாவிட்டால், விளக்கின் ஒரு கம்பியை மின்சாரம் வரும் முனையில் வைத்து, மற்றொன்றை வண்டியின் துருவற்ற இரும்பில் தொட்டுப் பார்க்கவும். இப்போது எரிந்தால் எர்த் கம்பி அறுந்துள்ளது. புதிய கம்பித் துண்டு ஒன்றே போதும். அப்போதும் எரியாவிட்டால், விசையையோ அதற்குச் செல்லும் கம்பியையோ பார்க்க வேண்டும்.

பம்பே கெட்டிருந்தாலும் தொட்டியோடு கூடிய அசல் பாகத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. பல வண்டிகளுக்கும் பொருந்தும் பொதுவகைப் பம்புகள் உதிரிப்பாகக் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கின்றன. வாங்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்க: உங்கள் லோரி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? சிறு லோரிகள் பல 12 வோல்ட்டிலும், பெரிய லோரிகள் பல 24 வோல்ட்டிலும் இயங்குகின்றன. 12 வோல்ட் பம்பை 24 வோல்ட்டில் இணைத்தால், வாங்கிய காசு விரைவிலேயே கருகிவிடும். பழைய பம்பைக் கையோடு கொண்டு செல்வது உத்தமம்.

இத்தகைய பம்பு காற்றை உறிஞ்சி நீரை மேலே இழுக்கும் ஆற்றல் உடையதன்று. எனவே தொட்டியின் நீர்மட்டத்திற்குக் கீழே, நீர் தானாக வந்து நிரம்பும் இடத்தில் பொருத்த வேண்டும். கூட்டல், கழித்தல் முனைகள் மாறினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழன்று, நீர் வலுவின்றி வரும். கம்பிகளை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். தொட்டியில் பம்பு நுழையும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுக. பால்மரம் வெட்டும் நம் வாசகர்கள் அறிய ஒரு செய்தி: இவ்வளையங்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனவை, வைப்பரின் விளிம்பிலோ இயற்கை ரப்பர் இன்றும் இடம்பெற்று வருகின்றது. ஆதலால் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ நனைத்த துணியால் வைப்பரைத் துடைக்கலாகாது. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

தொட்டி வறண்டிருக்கையில் விசையை நெடுநேரம் அழுத்தவேண்டாம். பம்பின் உட்பாகங்களுக்கு நீரே குளிர்ச்சி தருவது. பாத்திரம் கழுவும் சோப்பு நுரைத்துக் கசடாகும். கண்ணாடி கழுவுவதற்கென விற்கும் திரவத்தைச் சிறிது கலப்பதே சிறந்தது. இதற்கு உடல்நலக் காரணமும் உண்டு. திரவம் கலக்காத வெறும் நீரைப் பயன்படுத்தும் ஓட்டுநர்களுக்கு லெஜியோனேர் என்னும் நுரையீரல் நோய் வரும் வாய்ப்பு மிகுதி என, 2010ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் அக்கிருமி பெருகும். வெயிலில் நிற்கும் லோரியின் தொட்டி அதற்கு ஏற்ற இடமாதலால், பழைய நீரை அவ்வப்போது கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புக.