லாரி கியர்பாக்ஸில் ஆயில் ஒழுகுதா? கேஸ்கட் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

உடுமலை - பழநி சாலையில் மடத்துக்குளத்தைக் கடந்து போகும் சரக்கு வண்டிகளுக்குக் குறைவே இல்லை. தேங்காய், நார், கறிக்கோழி, மில்லுக்குப் பஞ்சு, திருப்பூருக்கு நூல் என்று ஏதோ ஒரு லோடு போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி வண்டி நின்ற இடத்தில் காலையில் உள்ளங்கை அளவுக்கு ஆயில் கறை தெரிந்தால், உரிமையாளர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: “புதுசா ஒரு பேக்கிங் போட்டு நல்லா இறுக்கி விட்டுருங்ண்ணா.” பத்து நாள் கழித்து அதே இடத்தில் அதே கறை.

பேக்கிங் புதுசு, போல்ட்டும் இறுக்கம். அப்புறம் ஏன் ஒழுகுது? கேஸ்கட்டைத் தேர்ந்தெடுப்பது கடையில் முடிகிற வேலை அல்ல. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதில் தொடங்குகிற வேலை.

சொட்டுதானே என்று விடலாமா?

கூடாது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் சுற்றும்போது தெறிக்கிற ஆயில்தான் பேரிங்குகளுக்குப் போய்ச் சேருகிறது. மட்டம் குறைந்தால் முதலில் காய்வது பேரிங். சத்தம் கேட்கும்போது சேதம் பாதி முடிந்திருக்கும்.

ஆட்டோமேட்டிக் என்றால் ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும். அங்கே ஆயிலின் அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கிளட்சுகளைப் பிடிக்க வைக்கிறது. ஆயில் குறைந்து பம்ப் காற்றை இழுத்தால் கிளட்ச் வழுக்கும், சூடு ஏறும், கருகும். மூணாறு, கொடைக்கானல் மலைப்பாதையில் லோடுடன் ஏறும் வண்டிக்கு இது நடந்தால், ஒரு கேஸ்கட் செலவில் முடிந்திருக்க வேண்டியது முழு கியர்பாக்ஸ் வேலையாகிவிடும். சாலையில் சொட்டிய ஆயிலில் பின்னால் வரும் டூவீலர் சறுக்குவது தனிக் கதை.

முதலில்: ஒழுகுவது எந்த ஆயில்?

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வையுங்கள். சிவப்பாக, மெல்லிசாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், அதாவது ஏடிஎஃப். பவர் ஸ்டீயரிங்கிலும் இதே ஆயில் இருக்கலாம். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில்.

அடுத்தது இடம். வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். எஞ்சினில் கசிந்தது கியர்பாக்ஸில் வந்து சொட்டும். அதனால் அடிப்பகுதியை நன்றாகக் கழுவித் துடைத்து, சந்தேகப்படும் இடத்தில் முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். பவுடர் முதலில் நனையும் இடம்தான் ஒழுகும் இடம். அதற்கு மேலே எதுவும் நனையக் கூடாது.

உங்கள் வண்டியில் ‘பேன்’ இருக்கிறதா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடியில் தட்டு மாதிரி போல்ட் போட்டு மாட்டியிருப்பதுதான் டிரான்ஸ்மிஷன் பேன். ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டிகளிலும், அலிசன் போன்ற ஆட்டோமேட்டிக் பெட்டி வைத்த பெரிய வண்டிகளிலும் இது இருக்கும். நம் சாலைகளில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை மேனுவல். அவற்றில் அடியில் தகரத் தட்டு இருக்காது. வார்ப்புப் பெட்டியும் வடிகால் பிளக்கும்தான். கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி வண்டியும் உள்ளுக்குள் மேனுவல்தான்.

மேனுவல் பெட்டியில் ஒழுகும் இடங்கள் வேறு: முன் கவர், பக்கவாட்டில் உள்ள பிடிஓ மூடி, பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளிவரும் ஆயில் சீல், வடிகால் பிளக்கின் வாஷர். சீல் போயிருந்தால் எந்த கேஸ்கட்டும் உதவாது.

இரண்டு வகைக்கும் பொதுவாக ஒன்று உண்டு: பிரீதர். பெட்டி சூடானால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டிய சின்ன மூச்சுத்துளை அது. மண்ணும் கிரீஸும் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல கேஸ்கட்டையும் சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். அதைச் சுத்தம் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை.

எந்த கேஸ்கட் எதற்கு?

*கார்க்:* மலிவு. மெல்லிய தகரப் பேனின் சின்ன மேடு பள்ளத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கடையில் பல காலம் தொங்கினால் காய்ந்து சுருங்கி, ஓட்டைகள் போல்ட்டுக்குப் பொருந்தாது. வளைத்தால் உடைகிற கார்க்கை வாங்காதீர்கள்.

*ரப்பர் கலந்த கார்க்:* வெறும் கார்க்கைவிட உறுதி. சாதாரண ஓட்டத்துக்குப் போதும்.

*அச்சில் வார்த்த ரப்பர்:* பேனுக்கு நல்ல தேர்வு. நடுவில் இரும்புத் தகடும், போல்ட் ஓட்டையில் வளையமும் உள்ளதாக இருந்தால் அளவுக்கு மேல் நசுங்காது. இதற்குப் பேஸ்ட் தடவக் கூடாது, வழுக்கிப் பிதுங்கும். ரப்பரின் ரகத்தையும் கேளுங்கள். நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக உழைக்கும். தொடர்ந்து மலை ஏறும் வண்டிக்கு அதைவிடச் சூடு தாங்கும் ரகம் வேண்டும்.

*பேப்பர்:* மேனுவல் பெட்டியின் கடைந்த வார்ப்பு முகங்களுக்கானது. இங்கே தடிமன் முக்கியம். பல பெட்டிகளில் பேரிங் கவருக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கின் கனம்தான் பேரிங்கின் இடைவெளியைத் தீர்மானிக்கும். பட்டறையில் ஷீட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டுவது நம்ம ஊர் கைவேலை, அதில் தவறில்லை. ஆனால் ஷீட்டின் கனம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

*பேஸ்ட்:* ‘அனபாண்ட்’ என்றே பட்டறைகளில் சொல்லப்படும் சிலிக்கான் பேஸ்ட், தயாரிப்பாளர் பேஸ்ட் மட்டுமே போடச் சொன்ன இடத்தில் சரி. மெல்லிய கோடாக இட்டு, டியூபில் சொன்ன நேரம் காய விட வேண்டும். முழுதாக இறுக பெரும்பாலும் 24 மணி நேரம். ‘நிறையப் போட்டா நிக்கும்’ என்பது தப்புக் கணக்கு. உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் துண்டாகி ஃபில்டரை அடைக்கும்.

இறுக்கினால் நிற்குமா?

திரும்பத் திரும்ப ஒழுகும் பேன்களில் அடிக்கடி காணும் குற்றவாளி, அளவுக்கு மீறிய இறுக்கம். தகரப் பேனை அழுத்தி இறுக்கினால் போல்ட் ஓட்டையைச் சுற்றி மட்டும் மேலே குழியும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி விழும். ஆயில் அந்த வழியாக வரும். இன்னும் இறுக்க இறுக்க இன்னும் ஒழுகும்.

பேனைக் கழற்றியதும் கண்ணாடி மேசை மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஆடினால் விளிம்பு வளைந்திருக்கிறது. மரக்கட்டை மேல் வைத்து, ஓட்டையைச் சுற்றி மெதுவாகத் தட்டினால் நேராகும். பெட்டியின் முகத்தையும் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

பேனில் வரும் எம்6 அளவு சிறு போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கமே போதும். கார்க்குக்கு அதைவிடக் குறைவு. சரியான எண் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். நீளக் கைப்பிடி ஸ்பேனர் வேண்டாம், டார்க் ரெஞ்ச் நல்லது. நடுவில் தொடங்கி எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும்.

பனியன் வேஸ்ட் வேண்டாம்

பட்டறைகளில் துடைக்கப் பயன்படுவது திருப்பூர் பனியன் வேஸ்ட். வெளியே துடைக்க அருமை. ஆட்டோமேட்டிக் பேனின் உள்பக்கம் மட்டும் அது கூடாது. உதிரும் பஞ்சு, வால்வுகளின் நுண்ணிய துளைகளில் போய்ச் சிக்கும். நூல் உதிராத துணியால் துடையுங்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அலுமினிய முகத்தில் உளி பட்டால் அந்தக் கீறலே புது ஒழுகல். ரொம்பப் பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், காய்ந்த நிலையில் சுரண்டிக் காற்றடிக்க வேண்டாம்; நனைத்து எடுங்கள்.

கழற்றிய பேனின் அடியில் காந்தத்தில் மாவு போல ஒட்டியிருக்கும் இரும்புத்தூள் வழக்கமானது. துண்டு துண்டாக உலோகம் கிடந்தால் கேஸ்கட்டோடு வேலை முடியாது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

கடையில் என்ன சொல்லி வாங்குவது?

வண்டியின் மாடலை மட்டும் சொன்னால் போதாது. கியர்பாக்ஸின் மேல் உள்ள தகட்டு எண்ணைப் படமெடுத்துக்கொண்டு, பழைய பேக்கிங்கையும் கையில் கொண்டு போங்கள். போல்ட் ஓட்டைகளை எண்ணி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து வாங்குங்கள். வடிகால் பிளக் வாஷரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பேனைத் திறக்கும்போதே ஃபில்டரையும் மாற்றிவிட்டால் இரண்டாவது முறை ஆயில் வடிக்க வேண்டியதில்லை.

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கேனில் பிடித்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே வகை ஆயிலை அதே மட்டத்துக்கு ஊற்றுங்கள். டிப்ஸ்டிக் இல்லாத ஆட்டோமேட்டிக்கில், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது லெவல் பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க முடியும். ஒரு ட்ரிப் போய் வந்து, மறுபடி வெள்ளை அட்டையைப் போட்டுப் பாருங்கள். காலையில் அட்டை சுத்தமாக இருந்தால்தான் லோடு ஏற்ற வேண்டும்.