படுக்கையருகே எழுதப்படும் எண்கள்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் வழியில், மாநில எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மீனாட்சிபுரம். அங்கு ஒருவர் பூச்சிமருந்து நஞ்சினால் தாக்குண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகின்றார் எனக் கொள்க. அவருடைய நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சின் வேகம், சிறுநீரின் அளவு யாவும் இடைவிடாது குறிக்கப்படுகின்றன. அவர் வீடு திரும்பியதும் அக்குறிப்புகள் பதிவறைக்குச் செல்கின்றன. பெரும்பாலும் அவற்றை எவரும் மீண்டும் புரட்டுவதில்லை.

இத்தகைய குறிப்புகளைத் திரட்டி ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தும் முயற்சிகளுள் புகழ்பெற்றது, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் தொகுத்த ‘மிமிக்’ ஆகும். 2016-இல் வெளியான அதன் மூன்றாம் தொகுப்பில், பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 2001 முதல் 2012 வரை சிகிச்சை பெற்ற, வயது வந்த 38,597 நோயாளிகளின் விவரங்கள் உள்ளன. பெயர்கள் நீக்கப்பட்டன. தேதிகள் வருங்கால நூற்றாண்டுக்கு மாற்றப்பட்டன. ஆயினும் ஒரே நோயாளியின் நிகழ்ச்சிகளுக்கு இடையிலுள்ள கால அளவு மாறவில்லை. எண்பத்தொன்பது வயதைக் கடந்தோர் சிலரே ஆதலின் அவர்களை எளிதில் அடையாளம் காணக்கூடும். எனவே அவர்களுடைய வயது முந்நூறுக்கு மேற்பட்டதாகக் காட்டப்பட்டது. இதனை அறியாது சராசரி வயதைக் கணக்கிடப் புகுவோர் திகைப்பர்!

எண்களைத் திரட்டுவதினும் அவை ஏன் எழுதப்பட்டன என்று அறிவதே கடினம். நள்ளிரவுக்குப் பின் மருத்துவர் ஓர் இரத்தச் சோதனையைக் கேட்டாரெனில், விடை எதுவாயினும், நோயாளியின் நிலை அவருக்குக் கவலையளித்தது என்பது பெறப்படும். பாஸ்டன் மருத்துவமனைகளின் குறிப்புகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பல சோதனைகளில் விடையைக் காட்டிலும் சோதனை செய்யப்பட்ட நேரமே நோயாளி பிழைப்பாரா என்பதை நன்கு உணர்த்தியது. அவ்வாறே, ஒரு மருந்தைப் பெற்றோர் மிகுதியாக இறந்தனர் என்பதால் அம்மருந்து தீயது ஆகிவிடாது. நோய் முற்றியவர்களுக்கே அது அளிக்கப்பட்டிருக்கலாம்.

பிறநாட்டுக் குறிப்புகள் நமக்குப் போதா. நோயின் கடுமையை அளக்கும் ‘அப்பாச்சி-2’ என்னும் முறை, அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் கிடைத்த விவரங்களிலிருந்து 1985-இல் வகுக்கப்பட்டது. தமனி இரத்தத்தில் பிராணவாயுவை அளத்தல் முதலிய சோதனைகளை அது வேண்டுகின்றது. செய்யப்படாத சோதனையின் விடையை இயல்பானதாகவே கொள்வது வழக்கம். அதனால் வசதி குறைந்த மருத்துவமனையின் நோயாளி, உள்ளதைவிட நலமுடையவராகக் கணக்கில் தோன்றுவார். அவர் இறப்பின் பழி அங்கு உழைப்போரைச் சாரும். இக்குறையைப் போக்க நம் பகுதியின் விவரங்களே தேவை. இலங்கையில் உருவான பதிவு முறையின் துணையுடன், 2019-இல் இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேடு தொடங்கப்பட்டது.

எல்லைப்புற ஊர்களுக்கு மற்றோர் இடரும் உண்டு. பாலக்காட்டில் சேர்க்கப்பட்டு, பின்னர் கோயம்புத்தூருக்கு மாற்றப்படும் நோயாளி இரு ஏடுகளில் இரு மனிதராகின்றார். முதல் மருத்துவமனை அவர் முடிவை அறிவதில்லை. இரண்டையும் இணைக்க அவர் இன்னார் எனத் தெரிதல் வேண்டும். சிற்றூர்களிலோ, பெயரை நீக்கினும் ஊர், வயது, நோய் ஆகிய மூன்றுமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலின் ஆராய்ச்சியாளருக்கு அளிக்கப்படும் படியில் ஊருக்குப் பதிலாக மாவட்டமும், பெயருக்குப் பதிலாக ஒரு குறியெண்ணும் இடப்படுதல் நன்று. அக்குறியெண் எவருடையது எனக் காட்டும் பட்டியல் மருத்துவமனையிலேயே பூட்டி வைக்கப்படல் வேண்டும்.