பாட்டிலை நசுக்காதே, மேசையைத் தட்டு!

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குள் எட்டிப் பாருங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபம் தோற்றுவிடும்! ஒரு மூலையில் துணிப்பைகள் குவிந்து கிடக்கும். ஊர் வரைபடம், பேனா, நிகழ்ச்சி நிரல் என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். இன்னொரு மேசையில் பெயர் அட்டை எழுதும் படலம். அங்கேதான் முதல் கலகலப்பு.

ஜெர்மன் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நம்மூர்ப் பிள்ளைகள் அப்பா பெயரை எழுதியிருப்பார்கள். "ஹெர் (திரு.) முருகேசன்!" என்று கூப்பிட்டால் பையன் திரும்பியே பார்க்க மாட்டான். முருகேசன் ஊரில் அல்லவா இருக்கிறார்! அதனால்தான் அட்டையில் கொட்டை எழுத்தில் பிள்ளையின் பெயர். "இவங்களை இப்படித்தான் கூப்பிடணும்" என்று அங்கே சொல்லிக்கொடுப்பது யார் தெரியுமா? போன வருடம் இதே அலுவலகத்தில், இதே குழப்பத்தோடு வந்து நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணாக இருக்கலாம்.

இந்த வரவேற்பு வாரத்தின் சூட்சுமமே அதுதான். புதிதாக வருபவருக்கு எது புரியாது என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து பார்ப்பதில் அவருக்கு என்ன வியப்பு இருக்கும்? போன வருடம் திணறியவருக்குத்தான் பள்ளம் எங்கே இருக்கிறது என்பது அத்துப்படி. அதனால் ஊர் மாணவரோடு, ஒரு வருட அனுபவமுள்ள வெளிநாட்டு மாணவரையும் வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவார்கள். அந்த ஜோடி செய்கிற வேலை இருக்கிறதே, அடடா!

கூட்டமும் சாதாரணக் கூட்டமில்லை. 2023–24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் ஏறத்தாழ 3,80,000 பேர். அவர்களில் சுமார் 49,000 பேர் இந்தியர்கள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே சீனாவை முந்தி இந்தியா முதலிடத்துக்கு வந்துவிட்டது. பருவம் அக்டோபர் 1-இல் தொடங்கினாலும் வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான் ஆரம்பிக்கும். அதை ஒட்டிய சில நாட்களுக்குள் ஒரு நாட்டையே சுருக்கமாகக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்!

முதல் பாடம் காகிதம். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். பதிவுச் சான்று வந்தால்தான் குடியிருப்பு அனுமதி, வரி எண் எல்லாம் அடுத்தடுத்து நகரும். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டுவிட்டு வந்திருப்பார்கள். 2024 செப்டம்பரில் வந்த தொகை அது. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் சேர்க்கையே நடக்காது. 30 வயதுக்குள் இருந்தால் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. எதற்கு முன்னால் எது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். வழிகாட்டிகள் இதையெல்லாம் அம்புக்குறி போட்டு ஒரே தாளில் வரைந்து வைத்திருப்பார்கள். அந்தத் தாளுக்குத்தான் வாரம் முழுக்க அடிதடி!

தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு எச்சரிக்கை: முகவரி பதிந்த கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வரும், விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதே! அது வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம். மாதம் 18.36 யூரோ. வீட்டுக்கு ஒன்றுதான். நாலு பேர் சேர்ந்து தங்கினால் நாலாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்த காட்சி, ஊர் சுற்றும் போட்டி. புதியவர்களைச் சிறு சிறு அணியாகப் பிரித்து, ஆளுக்கொரு பட்டியல் கொடுத்துத் தெருவில் இறக்கிவிடுவார்கள். தேர்வு அலுவலகத்தைக் கண்டுபிடி. மென்சா என்கிற மாணவர் உணவகத்தில் அட்டையில் பணம் ஏற்று. வழிப்போக்கர் ஒருவரிடம் ஜெர்மனில் வழி கேள். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் படித்த ஜெர்மன் முதன்முதலாக வெயில் பார்ப்பது அப்போதுதான்! பட்டியலில் கட்டாயம் இருக்கவேண்டிய ஒன்று: காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கு.

சூப்பர்மார்க்கெட் வாசலருகே சுவரில் வட்ட ஓட்டையோடு ஒரு எந்திரம். புதிதாக வந்த ஒரு பையன் தண்ணீர் குடித்து முடித்தான். ஊர்ப் பழக்கத்தில் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துத் திருகப் போனான்.

"டேய் தம்பி, நசுக்காதே!"

"ஏண்ணா? யாராவது எடுத்து மறுபடி தண்ணி பிடிச்சு வித்துட்டா?"

"இங்கே அது 25 சென்ட்டுடா! உள்ளே வை."

பாட்டில் படுத்தவாக்கில் உள்ளே போனது. உருளைகள் அதைச் சுற்றிச் சுற்றி உருட்டின. எந்திரம் பட்டைக்கோட்டைத் தேடியது. திரையில் 0.25 என்று மின்னியது. பொத்தானை அமுக்கியதும் துண்டுச் சீட்டு வெளியே வந்தது. அதைக் கல்லாவில் நீட்டினால் காசு! நசுங்கிய பாட்டில் என்றால் கோட்டைப் படிக்க முடியாமல் எந்திரம் அப்படியே திருப்பித் துப்பிவிடும். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கு 2003-இலிருந்து இந்த முன்பணம் கட்டாயம். குடித்ததும் நசுக்கு என்று பாட்டிலிலேயே அச்சடித்திருப்பதைப் படித்து வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைக்கு இப்படி ஒரு எச்சரிக்கை தேவைப்படும் என்று ஜெர்மன் மாணவருக்குத் தோன்றவே தோன்றாது. போன வருடம் வந்த அண்ணனுக்குத்தான் தோன்றும்!

ரயிலிலும் அப்படித்தான். 2024 கோடைப் பருவத்திலிருந்து பல பல்கலைக்கழகங்களில் மாணவர் கட்டணத்தோடு நாடு முழுவதுக்குமான பயணச்சீட்டும் சேர்ந்துவிட்டது. பஸ், டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐ.சி.இ. என்கிற அதிவேக ரயில் உள்ளிட்ட தொலைதூர ரயில்களில் செல்லாது. "நாடு முழுக்க" என்று கேட்டதும் ஓடிப்போய் அவற்றில் ஏறுபவர்கள் வருடா வருடம் உண்டு. அதனால் வழிகாட்டிகள் பிள்ளைகளை நடைமேடையிலேயே நிறுத்தி, எந்த ரயில் வெள்ளை, எந்த ரயில் சிவப்பு என்று காட்டிவிடுகிறார்கள்.

இப்போது விரிவுரை அரங்குக்கு வாங்க. அட்டவணையில் 10 என்று போட்டு, பக்கத்தில் சி.டி. என்று இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு 10.15-க்கு. எஸ்.டி. என்றிருந்தால் 10 என்றால் 10-தான். நான்கு பேருக்கு இதைச் சொல்லிவிட்டால் நாற்பது பேருக்கு அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வரவேற்புரை முடிந்து பேராசிரியர் காகிதங்களை அடுக்கும்போது திடீரென்று டக்-டக்-டக்! அரங்கம் முழுக்க விரல் முட்டிகள் மேசைப் பலகையில் இறங்குகின்றன. பின்வரிசையில் தொடங்கிய சத்தம் முன்னால் வந்து சேர்வதற்குள் புதியவர்களின் கண்கள் அகலமாகிவிடும். கோபமா? எதிர்ப்பா? ஐயோ, அதுதான் அங்கே கைதட்டல்! ஓரத்தில் நிற்கும் வழிகாட்டி கண்ணைச் சிமிட்டித் தானும் தட்டிக்காட்டுவார். அடுத்த நொடி அத்தனை பேரும் தட்டுவார்கள். அந்த ஒலியைக் கேட்டால் உடம்பே சிலிர்க்கும்.

மதிப்பெண்ணில் இன்னொரு வேடிக்கை. 1.0 தான் உச்சம். 4.0 வந்தால் தப்பித்தோம், 5.0 வந்தால் தோல்வி. "அம்மா, எனக்கு ஒண்ணு!" என்று போனில் கத்தினால் வீட்டில் என்ன ஆகும்? அதனால் பெற்றோருக்கு எப்படிச் சொல்வது என்பதையும் அண்ணன்மார், அக்காமார் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். கூடவே சிரிப்பில்லாத ஒரு பாடமும் உண்டு. தேர்வுக்கு நீயேதான் பெயர் பதிய வேண்டும். கெடு தாண்டினால் எழுத முடியாது. உட்கார வைத்து நினைவூட்ட அங்கே வகுப்பாசிரியர் இல்லை.

திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் கவலையோடு எதிர்பார்ப்பது நவம்பர் மாதத்தை. அக்டோபரின் உற்சாகம் வடிந்திருக்கும். நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும். புதிய நாட்டில் முதலில் களிப்பு, நடுவில் சரிவு, பிறகு மீட்சி என்று நார்வேச் சமூகவியலர் ஸ்வெரே லூஸ்கார்ட் 1955-இலேயே எழுதினார். அமெரிக்கா சென்றுவந்த நார்வே உதவித்தொகையாளர்களிடம் பேசி அவர் கண்டது அது. எல்லாருக்கும் அதே வரிசையில் நடப்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னாலும், வழிகாட்டிகள் அந்தச் சரிவை மனத்தில் வைத்தே நாள்காட்டியை நிரப்புகிறார்கள். சமையல் மாலைகள், மொழி பரிமாறிக்கொள்ளும் ஜோடிகள், நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் சந்தை எல்லாம் காரணத்தோடுதான் அந்த இடத்தில் நிற்கின்றன. பொது அடுக்களையில் தாளிக்கும் வாசனை கிளம்பினால் மாடி முழுக்கக் கதவு திறக்கும்! அதற்கும் மேல் மனம் கனத்தால், விடுதிகளையும் மென்சாக்களையும் நடத்தும் மாணவர் நல அமைப்புகளே ஆலோசகர்களையும் வைத்திருக்கின்றன. நாடு முழுக்க அப்படி 57 அமைப்புகள். அந்தக் கதவு எந்த மாடியில் என்று முதல் வாரத்திலேயே காட்டிவிடுகிறார்கள். கஷ்டம் வந்த பிறகு தேடுவது எவ்வளவு கடினம் என்று தேடியவர்களுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகங்களின் இந்த ஏற்பாடுகளுக்கு வேர் தேடிப்போனால் அங்கேயும் மாணவர்கள்தான்! உதவித்தொகைக்காக நாமெல்லாம் விண்ணப்பிக்கும் டி.ஏ.ஏ.டி. என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, 1925-இல் ஹைடல்பெர்க் நகரில் மாணவர் முயற்சியாகப் பிறந்தது. எராஸ்மஸ் என்கிற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987-இல் வந்த சில ஆண்டுகளிலேயே, அதில் போய்வந்த மாணவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வலைப்பின்னல் அமைத்தார்கள். மாணவருக்கு மாணவரே துணை என்பது இன்றுவரை அவர்கள் கொள்கை. ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பருவமும் புதியவரோடு ஒரு பழைய மாணவரை இணைத்துவிட 'பீபடி' என்றே ஒரு திட்டம் இருக்கிறது.

ஆகவே, இந்த அக்டோபரில் விமானம் ஏறப்போகிறவர்களே, துணை மாணவர் வேண்டும் என்ற கட்டத்தில் இப்போதே டிக் போடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அங்கே போனபின் உங்களைத் தடுமாற வைத்ததை எல்லாம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், போனில் குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாம் மாதத்தில் அதெல்லாம் பழகி மறந்துபோகும். கோடையில் வழிகாட்டிகள் தேவை என்று அறிவிப்பு வரும்போது அந்தக் குறிப்போடு போய் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள். அடுத்த விமானத்தில் வருகிற தம்பி தங்கைகளுக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் அந்த ஊரிலேயே கிடையாது!