கல்லாவுக்குப் பக்கத்தில் மீன் தொட்டி: வாங்குமுன் ஒரு கணக்கு



துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவோம். நாற்பது ஆண்டுகள் மதுரைக் கீழமாசி வீதியில் உட்கார்ந்த பழக்கம் அது. அப்படிப்பட்ட நாம் ஒரு கண்ணாடித் தொட்டி விஷயத்தில் ஏமாந்து நின்றோம். உறுப்பினர்கள் பலர் இப்போது கடையில் மீன் தொட்டி வைப்பதால் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கடையைப் புதுப்பித்தபோது, இரண்டடி நீளத் தொட்டி ஒன்று வாங்கினோம். விற்றவர் அன்று மாலையே தண்ணீர் நிரப்பி மீனும் விட்டுக் கொடுத்தார். நான்கு தங்கமீன், இரண்டு ஏஞ்சல், ஆறு டைகர் பார்ப், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இரண்டு சக்கர் மீன். ஆக மொத்தம் பதினான்கு. பத்தே நாளில் பன்னிரண்டு செத்துப் போயின. கடைக்கு வரும் பேத்தி தினமும் காலையில், "தாத்தா, இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்வதுதான் பணம் போனதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஈரம் காயாத கிட்டங்கி

பிறகு கொள்முதல் வேலையாகச் சென்னை போனபோது கொளத்தூருக்குப் போனோம். வண்ணமீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன இடம் அது. ஒரு கடையில் இருந்த இளைஞர், நம் மகனைவிடச் சிறியவர், முதலில் கேட்டது இதுதான்: "தொட்டி வச்ச அன்னிக்கே மீன் விட்டீங்களா, ஐயா?" ஆமாம் என்றோம். "அதான். இப்ப மீன் வாங்காதீங்க. ஒன்றரை மாசம் கழிச்சு வாங்க" என்றார். கையில் பணத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிய வியாபாரியை அன்றுதான் பார்த்தோம்.

அவர் சொன்ன காரணம் எளிது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதனால் கெடுதல் குறைவு. இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வர வேண்டும். பரிசோதனை மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகே மீன் விட வேண்டும். புதுக் கிட்டங்கியில் சுவர் ஈரம் காயுமுன் மூட்டை அடுக்குவோமா? அதே கதைதான்.

எதை வாங்கலாம்?

நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் உள்ளது. கப்பி, பிளாட்டி, மோலி மூன்றுக்கும் கடினத் தண்ணீர் ஒத்துப்போகும். இவை குட்டி போடுபவை. கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை போடும். பெருகுவது வேண்டாம் என்றால் ஆணாக மட்டும் வாங்குங்கள். ஸீப்ரா டானியோ சுறுசுறுப்பானது, எதையும் தாங்கும். ஆறாவது சேர்த்து வாங்க வேண்டும். ஃபைட்டர் ஆண் மீன் தொட்டிக்கு ஒன்றுதான். அதோடு கப்பி சேர்க்காதீர்கள்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி கழுத்துவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். சிறிய மீன் எட்டு, பத்து போதும். அதையும் ஒரே நாளில் விடாமல் நாலைந்தாக விடுங்கள்.

எதை விட்டுவிட வேண்டும்?

தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கும்; நன்றாக வளர்ந்தால் அரையடியைத் தாண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் வைப்பது பாவம். டைகர் பார்ப், ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும். நியான் டெட்ரா அழகுதான், ஆனால் அதற்கு மென்மையான தண்ணீர் வேண்டும். ஆஸ்காரும் சக்கரும் ஓரடி வளரக்கூடியவை. நம்மிடம் தப்பிய இரண்டு சக்கரையும் கண்மாயில் விடச் சொன்னார் ஒருவர். அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். அது வெளிநாட்டு மீன். நம் ஏரி குளங்களில் பெருகி நாட்டு மீனுக்கு இடைஞ்சல் செய்கிறது. நாம் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

சரக்கைப் பார்த்து வாங்குங்கள்

துடுப்பை மடக்கிக்கொண்டிருப்பது, உடம்பில் வெள்ளைப் புள்ளி உள்ளது, வயிறு ஒட்டியது, மேலே வந்து வாய் பிளப்பது, இவை எதுவும் வேண்டாம். ஒரு தொட்டியில் செத்த மீன் கிடந்தால் அந்தத் தொட்டி மீனே வேண்டாம். அன்றைக்கு வந்திறங்கிய மீனை அன்றே வாங்காமல் சில நாள் பொறுங்கள். வீடு வந்ததும் பையைத் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டுப் பிறகு மீனை விடுங்கள்.

மளிகைக் கடைக்காரர் கவனிக்க

காற்று பம்பு கடைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் விடுகிறது. கொசு மருந்து, கரப்பான் மருந்து தெளித்தால் நஞ்சு நேரே மீனுக்குப் போகும். மிளகாய்த் தூள் பறக்கும் இடமும் ஆகாது. தண்ணீர் மட்டுமே ஐம்பது கிலோ மூட்டையைவிடக் கனம். கண்ணாடி, கல் எடை தனி. ஆட்டம் காணும் மேசையில் வைக்காதீர்கள். நேர் வெயில் பட்டால் பாசி பிடிக்கும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். முழுவதும் மாற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள், அல்லது குளோரின் நீக்கும் மருந்து விடுங்கள். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுதான். அந்தப் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். கடைப் பையன்கள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் தண்ணீர் கெட்டுவிடும். கடை இரண்டு நாள் விடுமுறை என்றால் தீனி இல்லாமலே தாங்கும்.

ஒன்றரை மாதம் பொறுத்து, அதே இளைஞரிடம் ஸீப்ரா ஆறும் பிளாட்டி நான்கும் வாங்கி வந்தோம். ஒன்றுகூடச் சாகாமல் முதல் வருடம் கழிந்தது. பேத்தி இப்போதும் வந்ததும் எண்ணுகிறாள். பத்து என்று அவளே சொல்லிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள்.

முதல் கடைக்காரர் ஒரே மாலையில் பதினான்கு மீன் விற்றார். அதன்பின் அந்தப் பக்கம் நாம் போகவில்லை. இரண்டாமவர் அன்று ஒன்றும் விற்கவில்லை. அவரிடம் இதுவரை நம் வீதியிலிருந்து மூன்று பேரை அனுப்பியிருக்கிறோம். நம் கடைக்குப் புதிதாக வரும் வாடிக்கையாளரிடம் நாம் எந்த வழியில் நடக்கிறோம் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம்.